50 கஜமா, 100 கஜமா? அணில் வேட்டைக்காரர்களின் ஸ்கோப் கணக்கு

அணிலைச் சுட ரைஃபிளா என்று நமக்குத் தோன்றும். அமெரிக்காவின் சாம்பல் அணில், நம் வீட்டு மதில்மேல் ஓடும் கோடு போட்ட அணில் இல்லை. அரைக் கிலோ தேறும். இலையுதிர் காலம் வந்தால் பல மாநிலங்களில் அதற்கு வேட்டை சீசன். (இந்தியாவில் வன உயிரின வேட்டைக்குச் சட்டப்படி தடை.)

கையில் இருப்பது பெரும்பாலும் பாயிண்ட் 22 ரிம்ஃபயர் ரைஃபிள். கறி வீணாகக் கூடாது என்று தலைக்குத்தான் குறிவைப்பார்கள். தலையோ எலுமிச்சம்பழ அளவு. ரெண்டு செ.மீ. தவறினால் அணில் அடிபட்டு, மரப்பொந்துக்குள் போய்க் கிடந்து சாகும்.

தப்பு எங்கே நடக்கிறது? மான் வேட்டை ஸ்கோப்பை அப்படியே எடுத்து மாட்டுவதில்தான். அவற்றில் பல, 100 கஜத்திலோ அதற்கு அப்பாலோ துல்லியம் காட்டும்படி செய்யப்பட்டவை. கார் ஸ்பீடாமீட்டரைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் முள் வேறு எண்ணில் நிற்பதுபோலத் தெரியுமே, அதே கதைதான். கண் கொஞ்சம் விலகினாலும் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரும். இதற்குப் பெயர் பாரலாக்ஸ். ரிம்ஃபயருக்கென்றே வரும் ஸ்கோப்புகளில் இது 50, 60 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும்.

அடுத்தது உயரம். ஸ்கோப்பின் மையம் குழலுக்குச் சுமார் 4 செ.மீ. மேலே இருக்கிறது. குண்டு கீழிருந்து ஏறித்தான் பார்வைக் கோட்டைத் தொட வேண்டும். 50 கஜத்தில் ரெண்டும் சேரும்படி வைத்தால், 25 கஜத்திலும் ஏறக்குறைய குறி தப்பாது. ஆனால் 10 கஜத்தில் ரெண்டு செ.மீ. கீழே படும், 100 கஜத்தில் 15 செ.மீ. வரை இறங்கிவிடும். அவ்வளவு தூரத்து அணிலை விட்டுவிடுவதே நல்லது.

சரிசெய்யும் முறை எளிது. மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, 50 கஜத்தில் ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து முறை சுட வேண்டும். ஒரு ஓட்டையை நம்பித் திருகக் கூடாது. ஐந்தின் நடுவைத்தான் பார்க்கணும். புதியவர்கள் சறுக்குவது கிளிக் கணக்கில். 'ஒரு கிளிக் கால் அங்குலம்' என்று போட்டிருப்பது 100 கஜத்துக்கு. 50 கஜத்தில் அதில் பாதிதான். அதனால் ஓர் அங்குலம் நகர்த்த 4 கிளிக் போதாது, 8 வேண்டும்.

இத்தனையும் முடித்துவிட்டு, சீசன் நடுவில் வேறு பிராண்டு தோட்டா வாங்கினால்? மறுபடியும் மணல்மூட்டைக்குத்தான் போகணும். பாயிண்ட் 22 ஒவ்வொரு தோட்டாவையும் ஒவ்வொரு இடத்தில் கொண்டுபோய் வைக்கும்.