எரித்துப் பார்த்து எடை சொல்லும் கருவி

நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பரங்கிப்பேட்டை வந்திருந்த என் லாத்தாவின் மகள், முன்னே வைத்த பலகாரத் தட்டைத் தொடாமலேயே அமர்ந்திருந்தாள். வெளியூர்க் கல்லூரியொன்றில் வேதியியல் ஆய்வு மாணவியாக இருப்பவள் அவள். கையில் ஒற்றைத் தாள். அதில் மூன்றே மூன்று எண்கள்.

"எட்டு மாதம் உழைத்து உண்டாக்கிய பொருள் மாமா. கணக்குப்படி கார்பன் 60 விழுக்காடு இருக்க வேண்டும். கருவி 58.2 என்கிறது. 0.4 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. தோழி ஒருத்தி, 59.8 என்று எழுதிவிடு, யார் திரும்ப எரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்கிறாள்" என்றாள்.

அப்படி எழுதலாகாது என்பதைச் சொல்ல நான் தேவையில்லை; அவளே அறிவாள். ஆனால் எழுதாவிட்டால் எட்டு மாத உழைப்பு என்னாவது என்பதே அவளது கவலை. கலைப் பட்டதாரியும் மதரஸா ஆசிரியனுமாகிய எனக்கு வேதியியல் தூரத்து உறவு. எனினும் அன்று இரவு இஷாவுக்குப் பின் அவள் வாயிலாகவும், பின்னர் அறிந்தோர் சிலரைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் நான் தெரிந்துகொண்டவற்றை, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகக் கால் வைக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பயன்படலாம் எனும் எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

எலிமென்டல் அனலைசர் எனப்படும் இந்தத் தனிமப் பகுப்பாய்வுக் கருவி செய்யும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கொடுத்த பொருளை முற்றாக எரித்து, எழும் வாயுக்களை அளந்து, அப்பொருளில் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம் ஆகியன நூற்றுக்கு எத்தனை பங்கு இருந்தன என்று கூறும். விறகு எரிந்தால் புகையும் சாம்பலும் மிஞ்சும். ஆனால் ஆக்சிஜன் தாராளமாக இருந்து, வெப்பமும் ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் இருக்குமானால், கார்பன் அனைத்தும் கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரஜன் அனைத்தும் நீராவியாகவும் மாறிவிடும். நைட்ரஜன் மட்டும் சற்று முரண்டு பிடிக்கும். ஆக்சிஜனோடு கூடிப் பலவித ஆக்சைடுகளாகக் கிளம்பும். அவற்றைச் சூடான செம்புத் துகள்களின் ஊடே செலுத்தினால், செம்பு அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு தூய நைட்ரஜனை விடுவிக்கும். எரிந்தது போக எஞ்சிய ஆக்சிஜனையும் அதுவே விழுங்கிவிடும். பிறகு ஹீலியம் வாயு இவற்றையெல்லாம் சுமந்துகொண்டு ஒரு நீண்ட குழாய்க்குள் செல்கிறது. அங்கே ஒவ்வொரு வாயுவும் ஒவ்வொரு வேகத்தில் நகர்வதால் முதலில் நைட்ரஜன், அடுத்துக் கார்பன் டை ஆக்சைடு, பின்னர் நீராவி என வரிசையாக வெளிவருகின்றன. வாயிலில் உள்ள உணரி, வெப்பத்தைக் கடத்தும் திறனில் ஹீலியத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு ஒவ்வொன்றின் அளவையும் குறித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தச் சில நிமிட வேலைக்கு ஒரு காலத்தில் ஒரு நாள் ஆயிற்று. ஜெர்மானியரான லீபிக் 1831-இல் ஐந்து கண்ணாடிக் குமிழ்கள் கொண்ட சிறு கருவியொன்றைச் செய்து, எரிவாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அதில் பிடித்து எடை போட்டார். அதற்கும் பொருள் நிறையத் தேவைப்பட்டது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பித்த நீர் அமிலங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஃபிரிட்ஸ் பிரெகல் எனும் மருத்துவருக்கோ கிடைத்த பொருள் மிகச் சொற்பம். வேறொருவராயிருந்தால் ஆய்வையே கைவிட்டிருப்பார். அவர் முறையையே சுருக்கினார். சில மில்லிகிராம் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். 1923-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். இன்றைய கருவிகளும் 2 அல்லது 3 மில்லிகிராமே கேட்கின்றன. சோற்று அரிசி மணியொன்றின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு!

அவ்வளவு சிறியதை அளக்கும்போது நம் கைவிரலே பகையாகிவிடும். விரலின் எண்ணெய்ப் பசையிலும் கார்பன் உண்டு. ஆகவே வெள்ளீயத் தகட்டாலான சின்னஞ்சிறு கிண்ணத்தை இடுக்கியால்தான் தொட வேண்டும். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் காட்டும் நுண்தராசில் பொருளை நிறுத்து, கிண்ணத்தை நன்றாக மடித்து அழுத்த வேண்டும். உள்ளே காற்று தங்கினால், காற்றிலுள்ள நைட்ரஜனும் கணக்கில் ஏறிவிடும். மேலும், வெள்ளீயம் வெறும் பொட்டலம் அன்று. ஆக்சிஜனில் அதுவே பற்றி எரிந்து, அந்த ஒரு கணம் வெப்பத்தை 1800 டிகிரி வரை உயர்த்திவிடுகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் அவசரப்படும் இடம் ஒன்றுண்டு. தம் பொருளை முதலிலேயே கருவியிலிட்டு விடையை எதிர்பார்ப்பார்கள். அது தகாது. வெறுங்கிண்ணங்களை முதலில் எரித்து, அவை காட்டும் சிற்றளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் அசெட்டனிலைடு போன்ற, உள்ளடக்கம் ஐயமறத் தெரிந்த தூய பொருளை எரிக்க வேண்டும். அதில் கார்பன் 71.09, ஹைட்ரஜன் 6.71, நைட்ரஜன் 10.36 விழுக்காடு. கடைக்காரரின் தராசை முத்திரையிட்ட படிக்கல்லால் சோதிப்பதைப் போன்றதே இது. நடுநடுவிலும் இப்படிச் சோதிக்க வேண்டும். ஏனெனில் செம்பு ஆக்சிஜனை விழுங்கி விழுங்கிக் கறுத்துச் செயலிழந்துவிட்டால், நைட்ரஜன் அளவு இல்லாத உயரத்துக்குப் போகும். விவரமறியாதவர் அதைத் தம் பொருளின் சிறப்பென்று எண்ணி மகிழ்வார்! வெடிக்கும் இயல்புடைய பொருளையும், ஃபுளோரின் கலந்த பொருளையும் கருவிப் பொறுப்பாளரிடம் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. முன்னது ஆபத்து, பின்னது குவார்ட்ஸ் குழாயையே அரித்துவிடும்.

நம் மாவட்டத்துக்கும் இக்கருவிக்கும் உள்ள தொடர்பை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. 1930-களில் கிணறு தோண்டியபோது தென்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். அதை உலர்த்தாமல் எரித்தால், தண்ணீரின் ஹைட்ரஜனும் கரியின் கணக்கில் சேர்ந்து, சுமார் ஐந்தரை விழுக்காடு கூடுதலாகக் காட்டும். கருவிக்கு ஹைட்ரஜன் தெரியுமே தவிர, அது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. ஆகவே ஈரத்தைத் தனியே அளந்து கழித்தாக வேண்டும்.

வெள்ளாற்று முகத்துவாரத்தில், நம் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தை அறியாதார் இல்லை. வெள்ளாறு, கடலூர் உப்பனாறு, பிச்சாவரம் சதுப்புக் காடு ஆகியவற்றின் சேற்றில் மக்கிய உயிர்ப்பொருள் எவ்வளவு என்பது இங்குள்ள ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. டைகுரோமேட்டைக் கொண்டு சொட்டுச் சொட்டாக அளக்கும் பழைய முறை இவ்வகை ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்பட்டது. கருவியால் அளப்பது விரைவு. ஆனால் சேற்றில் சிப்பித் துகள் இருக்குமே! சிப்பியின் சுண்ணாம்பில் 12 விழுக்காடு கார்பன். அது மக்கிய இலையின் கார்பன் அன்று. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு அதைப் போக்க வேண்டும். அமிலம் வெள்ளீயத்தைக் கரைத்துவிடும் என்பதால் இதற்கு வெள்ளிக் கிண்ணம். அமிலத்தோடு நைட்ரஜனும் சிறிது போய்விடக்கூடும் ஆதலால், அதை அமிலம் படாத வேறொரு பகுதியில் அளப்பதே நலம். இத்தனை பாடுபட்டு எதற்கு? கடல் மிதவை உயிர்களில் நைட்ரஜன் அணு 16-க்குக் கார்பன் அணு 106 என்பது பொதுவான விகிதம். மரம் செடிகளின் இலைதழையிலோ கார்பன் பல மடங்கு மிகுதி. எனவே சேற்றின் விகிதத்தைப் பார்த்தே அந்த உணவு கடலிலிருந்து வந்ததா, கரையிலிருந்து வந்ததா என்று ஊகிக்கலாம்.

வீட்டில் குழந்தை வளர்க்கும் சகோதரிகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பால் பொருள்களில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.38 ஆல் பெருக்குவது வழக்கம். 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமின் எனும் பொருளைச் சேர்த்தார்கள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமின், நான்கு கிராமுக்கும் மேற்பட்ட புரதமாக வேடம் போட்டது. ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. நைட்ரஜன் இருந்தது உண்மையே. புரதம் என்று படித்தது மனிதர்.

அந்த இரவுக்கு வருகிறேன். மூன்று எண்களையும் எழுதித் தரச் சொன்னேன். எதிர்பார்த்தவை: கார்பன் 60, ஹைட்ரஜன் 4.5, நைட்ரஜன் 10. வந்தவை: 58.2, 4.7, 9.7. வாரிசுப் பங்குக் கணக்கை ஆண்டுதோறும் மாணவர்க்குப் போதிக்கிறவன் ஆதலால், எண்களைக் கண்டால் பங்காக்கிப் பார்ப்பது என் வழக்கம். 60-க்கு 58.2 என்பது நூற்றுக்கு 97. பத்துக்கு 9.7 என்பதும் நூற்றுக்கு 97. "இரண்டும் ஒரே பங்கில் குறைந்திருக்கின்றனவே. சொத்தில் நூற்றுக்கு மூன்றை வேறு யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள். ஆனால் ஹைட்ரஜன் மட்டும் ஏன் கூடியிருக்கிறது?" என்று கேட்டேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "தண்ணீர் மாமா!" என்று எழுந்தே விட்டாள். தண்ணீரின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு ஹைட்ரஜன். மூன்று பங்குத் தண்ணீர் ஏறத்தாழ 0.33 ஹைட்ரஜனைக் கொண்டுவரும். மற்றப் பொருள் 97 பங்காகச் சுருங்கியதால் 0.13 குறையும், மிகுதி 0.2. கணக்கு நேராயிற்று. மழைக்கால நாளொன்றில், ஊருக்கு வரும் அவசரத்தில், பொருளைச் சரியாக உலர்த்தாமல் குப்பியிலிட்டு அனுப்பியதை அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

கல்லூரி திரும்பியதும் வெற்றிட உலர்த்தியில் வைத்து, எடை மாறாமல் நிலைக்கும்வரை மீண்டும் மீண்டும் நிறுத்தாளாம். இரண்டாம் முறை வந்த தாளை எனக்கு அனுப்பினாள். கார்பன் 59.8, ஹைட்ரஜன் 4.5, நைட்ரஜன் 9.9. தோழி எழுதச் சொன்ன அதே 59.8. அவளது ஆய்வேட்டில் முதல் தாளும் இரண்டாம் தாளும் அடுத்தடுத்து ஒட்டப்பட்டுள்ளன; முதல் தாளின் ஓரத்தில் "ஈரம்" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாள்.