நீர்க்கடுப்பும் சூட்டின் மேல் விழும் பழியும்

சித்திரை வெயில் ஏறியதும் நம் வீடுகளில் கேட்கும் பேச்சு இது: "சூடு பிடிச்சிருக்கும்மா, ரெண்டு இளநி குடி, சரியாயிடும்." கூடவே தொப்புளில் விளக்கெண்ணெய், ஊறவைத்த வெந்தயம், பார்லித் தண்ணீர். சிறுநீர் சொட்டுச் சொட்டாக எரிச்சலோடு போவதற்கு நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, சூட்டுக்கடுப்பு என்று ஊருக்கொரு பெயர் உண்டு.

இந்த வைத்தியம் பாதி சரி. வெயிலில் வியர்த்துக் கொட்டினால் சிறுநீர் குறைந்து, அடர்ந்து, எரிச்சல் தரும். தண்ணீர் குடித்தால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அப்படி அடங்காமல், போய்வந்த அடுத்த நிமிடமே மறுபடி போகத் தோன்றினால், அடிவயிறு வலித்தால், சிறுநீர் கலங்கலாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் தொற்று என்றே சந்தேகிக்க வேண்டும். இளநீர் அதைத் தீர்க்காது.

தொற்றை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை. 1885-ல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த பாக்டீரியா. சாதாரணச் சிறுநீர்த் தொற்றுகளில் நாலில் மூன்று பங்குக்கு இதுதான் காரணம். குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் வம்புக்கு வராது. மலவாயிலிருந்து சிறுநீர்த் துளைக்கு நகர்ந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. அதன் உடம்பெங்கும் மயிரிழை போன்ற காம்புகள். அவற்றின் நுனி சிறுநீர்ப்பையின் உட்சுவரில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. மழைக்காட்டு அட்டை மாதிரி; தண்ணீர் அடித்துக்கொண்டு போனாலும் எளிதில் விடாது.

பெண்களுக்கே இது அதிகம் வருவதற்குக் காரணம் உடலமைப்பு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர், பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்துவிடும். உடலுறவின்போது கிருமி உள்ளே தள்ளப்படுவதால் புதுமணப் பெண்களுக்கும் வருவதுண்டு. இதைப் பால்வினை நோய் என்று நினைத்து ஒருவரையொருவர் சந்தேகப்படும் தம்பதிகள் இருக்கிறார்கள்; அது தேவையில்லாத சண்டை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, காவலுக்கு இருந்த நல்ல பாக்டீரியாக்களும் குறைவதால் மறுபடி தொல்லை தொடங்கலாம். அப்போது பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நன்றாகவே உதவுகிறது. நம் ஊரில் அதைக் கேட்டு வாங்குகிற பாட்டிகள் குறைவு. வயதான ஆண்களுக்கு வீங்கிய ப்ராஸ்டேட், சர்க்கரை நோயாளிகளுக்குக் குறைந்த எதிர்ப்புச் சக்தி, படுக்கையில் இருப்பவர்களுக்கு நாள்கணக்கில் மாட்டியிருக்கும் யூரின் ட்யூப் என்று காரணங்கள் வேறுபடும்.

பொதுக் கழிப்பறையில் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் நம்மிடம் ஆழமானது. கிருமி நம்முடையதேயானதால், கழிப்பறை இருக்கையிலிருந்து இந்தத் தொற்று வருவது அரிது. அந்தப் பயத்தில் தண்ணீர் குடிக்காமல் அடக்கிவைப்பதுதான் கிருமிக்குப் பெருக அவகாசம் கொடுக்கிறது. பயம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கழிப்பறைக்குப் போய்வரப் பத்து நிமிடம் வேண்டுமென்றால் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கடைகள் இன்னும் இருக்கின்றன.

வைத்தியத்தில் நாம் செய்யும் பெரிய தவறு மெடிக்கல் ஷாப்பில் தொடங்குகிறது. "யூரின் எரியுது, ஏதாவது குடுங்க" என்றதும் நார்ஃப்ளாக்சசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ வந்துவிடும். இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் மீதி மாத்திரை அலமாரிக்குப் போய், அடுத்த தடவை பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கைமாறும். இப்படியே பழக்கி, இந்திய மருத்துவமனைகளில் சோதிக்கப்படும் ஈ.கோலையில் பெரும்பகுதி இன்று சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்குவதில்லை. சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு இப்போது மருத்துவர்கள் முதலில் எடுப்பது 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் நைட்ரோஃபுரான்டோயின். வழக்கமாக 5 நாள். அல்லது தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடிக்கும் 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின் தூள். பழைய மருந்து என்று நைட்ரோஃபுரான்டோயினைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆகாது, சிறுநீரகம்வரை ஏறிய தொற்றுக்கும் போதாது.

அடிக்கடி வருகிறவர்கள், ஆண்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் எல்லோருக்கும் மாத்திரைக்கு முன்பே யூரின் கல்ச்சர் எடுப்பது நல்லது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். பையில் வைத்து வெயிலில் சுற்றினால் வழியிலேயே கிருமி பெருகி முடிவு பொய்யாகிவிடும். எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். எந்தத் தொந்தரவும் இல்லாத முதியவரின் ரிப்போர்ட்டில் கிருமி இருப்பதாக வந்தால், அதற்காக மட்டும் பொதுவாக மருந்து கொடுப்பதில்லை. கர்ப்பிணிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தொந்தரவே இல்லாவிட்டாலும் கிருமி இருந்தால் தீர்த்தாக வேண்டும். விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும் வாய்ப்பு அதிகம்.

நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி மூன்றும் சிறுநீரகத் தொற்றின் அடையாளம். அன்றைக்கே மருத்துவமனை. சர்க்கரை நோயாளி என்றால் விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது.

தடுப்பதற்குச் சொல்லப்படும் யோசனைகளில் முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது ஆகியவற்றுக்கு ஆய்வு ஆதாரம் வலுவாக இல்லை. செலவில்லாத பழக்கம், செய்யலாம். கிரான்பெரி மறுபடி வருவதைச் சில பெண்களுக்குக் குறைக்கிறது; வந்ததைக் குணப்படுத்தாது, விலையும் அதிகம். நல்ல சாட்சியம் இருப்பது வெறும் தண்ணீருக்கு. 2018-ல் வெளியான ஆய்வொன்றில், அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரை தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை.

அத்தனை தண்ணீர் குடித்தால் அத்தனை தடவை போக இடம் வேண்டும். பள்ளிக்கூடம் போகும் மகளின் தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே சாயங்காலம் திரும்பி வந்தால், திட்டுவதற்கு முன் அவள் பள்ளியின் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.