ஒரே லேப்டாப்... அப்பாவுக்குப் பெரிய எழுத்து, உங்களுக்குச் சின்ன எழுத்து! எப்படி?

வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். அப்பாவுக்கு எழுத்து பெருசா தெரியணும். உங்களுக்கோ எக்செல் ஷீட் முழுசும் ஒரே திரையில் வேணும். பலரும் உடனே ஸ்கிரீன் ரெசல்யூஷனைக் குறைத்துவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீங்க! எழுத்து பெரிதாகும்தான், கூடவே மங்கலாகவும் ஆகிவிடும். போதாததற்கு, அவர் குறைத்தால் உங்களுக்கும் சேர்த்தே குறையும்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் > அக்கவுன்ட்ஸ் > அதர் யூசர்ஸ் பகுதிக்குப் போய், அப்பா பெயரில் தனி அக்கவுன்ட் தொடங்குங்கள். அதில் லாக்-இன் செய்து, செட்டிங்ஸ் > ஆக்சஸிபிலிட்டி > டெக்ஸ்ட் சைஸ் ஸ்லைடரை நகர்த்தி, 'அப்ளை' கொடுங்க. 100-லிருந்து 225 சதவீதம் வரை போகும். எடுத்ததுமே கடைசிவரை இழுக்க வேண்டாம், சில ஆப்களில் எழுத்து வெட்டுப்படும். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் 'போதும்' என்கிற இடத்தில் நிறுத்துங்கள். இந்த மாற்றம் அவருடைய அக்கவுன்ட்டுக்கு மட்டும்தான். வால்பேப்பர், டார்க் மோட், மவுஸ் பாயின்ட்டர் அளவு எல்லாமே இப்படி ஆளுக்கு ஒரு விதமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆள் மாறும்போது ஷட் டவுன் தேவையில்லை. விண்டோஸ் கீயோடு 'எல்' அழுத்தி, அடுத்து வரும் திரையில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். நீங்கள் திறந்துவைத்த ஃபைல் அப்படியே இருக்கும். ஆனாலும் சேவ் பண்ணிட்டே எழுந்திருங்க. எச்சரிக்கையைப் படிக்காமல் அப்பா ஷட் டவுன் கொடுத்தால் உங்க வேலையும் போயிடும்!