தண்டவாளம் இல்லாத ரயில் பாதையில் ஒரு ரவுண்டு!

"டாக்டர் நடக்கச் சொல்றார். முட்டி வேண்டாங்குது!" என்று அலுத்துக்கொள்கிறவரா நீங்கள்? உங்களுக்கென்றே செய்துவைத்த மாதிரி ஒரு பாதை இங்கிலாந்தில் இருக்கிறது. டெர்பிஷயரில், வை என்ற ஆற்றை ஒட்டிப் போகும் 'மான்சால் டிரெயில்'. ஷெஃபீல்டிலும் மான்செஸ்டரிலும் இருக்கிற மகன், மகள் வீட்டுக்குப் போய், நாள் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர் அப்பா அம்மாக்கள் ஒரு நாளாவது நடந்துவிட்டு வரணும்.

லண்டன் – மான்செஸ்டர் ரயில்கள் ஓடிய வழி இது. 1863-ல் திறந்தார்கள், 1968-ல் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, 1981-ல் நடைபாதை ஆக்கினார்கள். குகைகள் மட்டும் ஆபத்து என்று பூட்டியே கிடந்தன. 2011-ல் உள்ளே விளக்கு போட்டு அவற்றையும் திறந்துவிட்டார்கள்.

ரயில் பாதைக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் மலையைக் குடைந்து, பள்ளத்தில் பாலம் கட்டி, சுமார் நூறு அடி போனால் ஓரடி உயர்கிற மாதிரி பாதை போட்டார்கள். நடக்கிறவருக்கு ஏற்றமே தெரியாது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாலும் வேதனை. உடம்பு பாரத்தைத் தொடைத் தசைகள் பிரேக் பிடித்தபடியே இறக்குவதால், முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் கூடிவிடும். இங்கே அந்தத் தொல்லை ரொம்பக் குறைச்சல்.

நாங்கள் மில்லர்ஸ் டேல் பழைய ஸ்டேஷனில் ஆரம்பித்தோம். ரயில் பாதையிலேயே போய், லிட்டன், கிரெஸ்புரூக் என்று இரண்டு குகைகளைத் தாண்டி, ஆற்றங்கரைக்கு இறங்கித் திரும்பினால் ஏழெட்டு கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் மூணு மணி நேரம். குகைகள் ஒவ்வொன்றும் நானூறு மீட்டருக்கு மேல் நீளம். உள்ளே ஜில்லென்று ஈரக்காற்று! ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைப் பையின் அடியில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மப்ளரும் நல்லது. சைக்கிள்காரர்களும் வருவார்கள், ஓரமாகவே நடங்க.

ஆற்றுப் பக்கம் வேறு உலகம். சுண்ணாம்புப் பாறை ஒரு பக்கம் சுவர் மாதிரி நிற்க, மறுபக்கம் தண்ணீர். அந்தக் கால பஞ்சாலைக்காகத் தேக்கிய தண்ணீர் என்பதால் அங்கே ஆறு குளம் போல அகன்று கிடக்கிறது. (மேலே லிட்டன் ஆலையில் அநாதைப் பிள்ளைகளை வதைத்து வேலை வாங்கிய கதையை, அங்கே உழைத்த ராபர்ட் பிளின்கோ சொல்லி, 1832-ல் அது புத்தகமாகவே வந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் அடுக்குமாடி வீடுகள்!) கரடுமுரடான இந்தப் பாதை கணுக்காலுக்கும் உடம்பின் பேலன்ஸுக்கும் நல்ல பயிற்சிதான். ஆனால் நனைந்த சுண்ணாம்புக் கல் வழுக்கும். பெருமழைக்குப் பிறகு பாதை தண்ணீருக்குள் போய்விடுவதும் உண்டு. அப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வந்த ரயில் பாதையிலேயே திரும்பிடுங்க.

கடைசியில் ஆற்றங்கரையிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு ஏற்றம். அங்கேதான் என் அத்தானுக்கு வினை காத்திருந்தது. அந்தக் குளிரில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுக்கம். "என்ன பண்ணுது?" என்று அக்கா கேட்டதற்கு, "சும்மா இரு!" என்று எரிந்து விழுந்தார். அவர் எரிந்து விழுகிற ஆளே இல்லை. பிறகுதான் தெரிந்தது, காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு பிரெட்டோடு கிளம்பியிருக்கிறார். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாத்திரை தன் பங்குக்கு இறக்கும். இரண்டும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை! இன்சுலினும், கிளிமிபிரைடு வகை மாத்திரையும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அபூர்வம்.

அக்கா பையைத் துழாவி சாக்லேட்டை எடுத்தாள். நான் தடுத்தேன். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் மாத்திரையோ பழச்சாறோ கொடுக்கணும். 15 கிராம் சர்க்கரை போதும், அதாவது மூணு நாலு டீஸ்பூன். பதினைந்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி சோதிக்கணும். ஏறவில்லை என்றால் இன்னொரு தரம். சரியானதும் ரெண்டு பிஸ்கட். ஆள் மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். அங்கே 999-க்கு போன் போட்டுவிடுங்கள்.

இன்னொரு குழப்பம்: மகள் வாங்கித் தந்த மீட்டர் '3.4' என்று காட்டியது. அந்த நாட்டுக் கணக்கே வேறே. அதை 18-ஆல் பெருக்கினால் நம்ம கணக்கு வரும், 61. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். 

கால் மணி நேரத்தில் அத்தான் தெளிந்து, அக்காவிடம் சாரி சொன்னார். ஷூவைக் கழற்றியபோது வலது குதிகாலில் பெரிய கொப்புளம். வலியே தெரியலையாம். சர்க்கரையால் கால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு இப்படித்தான். கொப்புளத்தை உடைக்காமல் பிளாஸ்டர் போட்டு அழைத்துவந்தோம். நீண்ட நடைக்குப் பிறகு அன்று ராத்திரிகூட சர்க்கரை இறங்கலாம் என்பதால், படுக்கும் முன் இன்னொரு தரம் விரலைக் குத்திப் பார்த்தோம். 7.2 இருந்தது.