கழுகுத் தலையும் பாதாமிக் கோட்டையும்

பொன்னிறப் பரப்பில் ஒரு சிவப்புக் கழுகுத் தலை. கழுத்தின் அடி வாளால் வெட்டியதுபோல் நேராக இராது, பிய்த்தெடுத்ததுபோல் கிழிந்திருக்கும். ஸ்காட்லாந்தின் வடகிழக்கே, குரோமார்ட்டி கடற்கழிக் கரையில் இருக்கும் ஃபவுலிஸ் கோட்டையின் மன்றோ குலத் தலைவருடைய கேடயம் இது. வேறெதுவும் சேராத இந்த வெறுங்கேடயம் ஒரே ஒருவருக்குத்தான் உரியது. இளைய மகன்கள், பங்காளிகள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆகியோரும் கழுகை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஏதேனும் ஒரு மாற்றம் செய்து, முறைப்படி பதிந்த பிறகே வைத்துக்கொள்ள முடியும்.

அந்தச் சின்ன மாற்றத்தில்தான் ஸ்காட்லாந்துக் கேடயக் கலையின் உயிர் இருக்கிறது. பெரும்பாலும் கேடயத்தின் ஓரத்தில் ஒரு கரை சேர்ப்பார்கள். ஒரு தம்பிக்கு ஒரு நிறம், அடுத்தவனுக்கு வேறு நிறம். அவர்கள் வழியில் மீண்டும் கிளை பிரிந்தால் கரையின் உள்விளிம்பு அலையாகும், பல்பல்லாகும், கோட்டை மதில்போல் மேடும் பள்ளமுமாகும். ஒரே பெயருள்ள இருவரைத் தலைப்பெழுத்து பிரித்துக் காட்டுவதுபோல, இந்தக் கரை அண்ணன் வழியையும் தம்பி வழியையும் பிரித்துக் காட்டும். இங்கிலாந்திலும் பிறை, விண்மீன் என்று அடையாளங்கள் உண்டு. ஆனால் அங்கே பலரும் அவற்றை விட்டுவிட்டார்கள். ஸ்காட்லாந்தோ அதைச் சட்டமாகவே வைத்துக்கொண்டது.

அன்று அதற்குத் தேவை இருந்தது. இரும்புத் தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்துவிடும். போர்க்களத்தில் ஆளைக் காட்டியது கேடயம்தான். போர் இல்லாத நாளில் நிலப் பத்திரத்தின் மெழுகு முத்திரையில் கையெழுத்துக்குப் பதிலாக அதே கேடயம் பதிந்தது. ஒரு பள்ளத்தாக்கு முழுக்க மன்றோக்களாகவே வாழும்போது, எந்த மன்றோ இந்தப் பத்திரத்துக்குப் பொறுப்பு என்பதை அந்த முத்திரைதான் சொல்லும். ஒருவருடைய கேடயத்தை இன்னொருவர் போட்டுக்கொள்வது அன்று கள்ளக் கையெழுத்துக்கு நிகர். 1592-ஆம் ஆண்டுச் சட்டமும் 1672-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் அதைப் பார்த்தன. உரிமையில்லாத சின்னம் பொறித்த பொருள்கள் பறிமுதலாகும்; 100 பவுண்டு தண்டமும் உண்டு. எல்லாச் சின்னங்களுக்கும் ஒரே பொதுப் பதிவேடு 1672-இல் தொடங்கியது.

பழம்பெருமையென்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தப் பதிவேடு இன்றும் நடக்கிறது. அதைக் காக்கும் லார்ட் லயன் எடின்பரோவில் உண்மையாகவே நீதிபதி. அவருடைய நீதிமன்றத்துக்கென்றே அரசு வழக்குத் தொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். டொனால்டு டிரம்ப் அபெர்டீன்ஷயரில் கட்டிய கோல்ஃப் மைதானம் பதிவாகாத சின்னம் ஒன்றைப் பயன்படுத்தியதால் சிக்கல் வந்தது. 2012-இல் முறைப்படி வேறு சின்னம் பெற்ற பிறகே அது தீர்ந்தது. பணத்துக்கும் புகழுக்கும் வளையாத இந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

மன்றோ கிளைகளில் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, நோவர் கிளை. அதன் சர் ஹெக்டர் மன்றோவை நம் மண் மறக்க வழியில்லை. 1780-இல் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பெய்லியின் படையை அழித்தபோது, காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவிக்குப் போய்ச் சேராதவர் அவர். பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். மறு ஆண்டே டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பியதும், தம் நிலத்தை ஒட்டிய 453 மீட்டர் உயரமுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில் வளைவுகளோடு ஒரு கல் நினைவுச்சின்னம் எழுப்பினார். நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயல் அது என்று அவ்வூரார் சொல்வார்கள். வெற்றியைக் கேடயத்துக்குள் அடக்காமல் குன்றின்மேல் ஏற்றிவிட்டார். குலத் தலைவரின் ஃபவுலிஸ் கோட்டையும் அதே வட்டாரத்தில்தான்.

இரண்டாவது, லிண்டர்டிஸ் கிளை. கிளாஸ்கோ வணிகர் ஒருவரின் மகனாக 1761-இல் பிறந்து, கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்த தாமஸ் மன்றோவின் வழி இது. பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில், கம்பெனி அதிகாரி ரீடுக்குக் கீழ் நிலவரி வேலை கற்றவர். உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறைக்குப் பெயர்போனவர். 1820 முதல் சென்னை மாகாண ஆளுநர். 1825-இல் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் கிடைத்தது. 1827-இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

அவருடைய கேடயத்தில் கழுகுத் தலைக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. அதில் ஓர் இந்திய மலைக்கோட்டை. கீழே சிவப்பு எழுத்தில் பாதாமி என்ற பெயர். 1818-இல் சிறு படையோடு, பெரும்பாலும் உள்ளூர்ச் சேவகர்களை வைத்துக்கொண்டு, மராட்டியரிடமிருந்து அவர் பிடித்த கோட்டை அது. கேடயக் கலை தேர்ந்தவர்கள் இத்தகைய இயற்கைக் காட்சிக் கேடயங்களை அக்கலையின் தேய்வு என்பார்கள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டிய இடத்தில் கோட்டையும் எழுத்தும் கண்ணுக்கு அகப்படாது. கலை என்ற அளவில் எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் வரலாற்று ஆவணமாக, எளிய கரை ஒன்று சொல்ல முடியாததை இந்தப் பட்டை சொல்கிறது. ஏறத்தாழ 642-இல் இதே ஊரை வென்றதற்காகத்தான் பல்லவன் நரசிம்மவர்மன் ‘வாதாபி கொண்டான்’ ஆனான். அவன் தன் பெயரோடு சேர்த்த ஊரை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பம் கேடயத்தில் சேர்த்துக்கொண்டது.

இந்தக் கிளையின் பெயர் இன்று ஸ்காட்லாந்து மலையேறிகள் அத்தனை பேர் வாயிலும் இருக்கிறது. மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்களை 1891-இல் பட்டியலிட்ட சர் ஹியூ மன்றோ, சென்னை ஆளுநரின் பேரன். இன்றைய கணக்கில் 282 ஆக இருக்கும் அச்சிகரங்களை ‘மன்றோக்கள்’ என்றே அழைக்கிறார்கள். அவற்றில் ஏறுவோரில் பாதாமியை அறிந்தவர் சிலர்தான் இருப்பார்கள்.

தலைமைக் கிளையிலும் மாற்றம் வந்தது. 1935-இல் பதினோராவது பாரனெட் மறைந்தபோது அவருக்கு மகன் இல்லை. பாரனெட் பட்டம் ஆண்வழிப் பங்காளியிடம் போனது. குலத் தலைமையோ மறைந்தவருடைய மகள் வழியே பேரனுக்கு வந்தது. தந்தைவழியில் கேஸ்காயின் ஆன அந்தப் பேரன் பேட்ரிக், மன்றோ என்ற பெயரை ஏற்றுக்கொண்டார். பட்டமும் தலைமையும் இரண்டு வீடுகளுக்குப் பிரிந்தன. மகள் வயிற்றுப் பேரனும் கலப்பற்ற கழுகுக்கு உரியவனாகலாம் என்று ஏற்ற அந்த மரபில் நான் காண்பது பெருந்தன்மை.

இன்று எடின்பரோவின் ராயல் மைல் தெருக் கடைகளில், பெயரைச் சொன்னால் போதும், ‘உங்கள் குடும்பச் சின்னம்’ அச்சிட்ட கோப்பை கிடைக்கும். கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிற வம்சாவளியினர் ஆசையோடு வாங்கிப் போகிறார்கள். அந்த ஆசையில் குறையில்லை. கடல் கடந்து போனவர்களின் பேரர்கள் வேரைத் தேடுகிறார்கள். விற்பவர்களிடம்தான் குறை. தலைவரின் கேடயத்தை அச்சிட்டு எல்லோர் கையிலும் கொடுக்கும்போது, நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த கிளைகளின் வேறுபாடு முழுவதும் அழிந்துபோகிறது. நோவர் இல்லை, லிண்டர்டிஸ் இல்லை, கரை இல்லை, கோட்டை இல்லை. ஸ்காட்லாந்தில் ‘குடும்பக் கேடயம்’ என்ற ஒன்றே கிடையாது. கேடயம் தனி ஆளுக்கு உரியது. குலத்தார் அணியத் தக்கது வேறு: தலைவருடைய கழுகு முடிச்சின்னத்தைச் சுற்றி வாரும் கொக்கியும், அவ்வாரில் அவருடைய குலமொழியும். அணிந்திருப்பவர் தலைவர் அல்லர், தலைவரைச் சேர்ந்தவர் என்பதை அந்த வார் ஒளிக்காமல் சொல்கிறது.

தமக்கென்று கேடயம் வேண்டுவோர் லயன் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, வம்சாவளிக்குச் சான்று காட்டி, தக்க மாற்றத்தோடு பெறலாம். அதற்குக் கட்டணமும் பொறுமையும் வேண்டும். ஆனால் கிடைப்பது அவரவருக்கு மட்டுமே உரியது.

பழைய பதிவேட்டுப் பக்கங்களை ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் இன்று யாரும் தேடிப் பார்க்கலாம். சென்னைத் தீவுத்திடல் அருகே, குதிரைமேல் சேணமின்றி அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ சிலையைக் கடந்துபோகிற நம்மவர்கள் ஒருமுறை அங்கே அவர் குலத்தின் கேடயங்களைத் தேடிப் பாருங்கள். கழுகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அதன் ஓரத்தையும் மேற்பட்டையையும் பாருங்கள்.