அம்பலும் அலரும்: சமூக வலைத்தளங்களில் நிழற்படப் பாதுகாப்பு

முன்னுரை

கடல் கடந்து பொருளீட்டச் செல்வது நம் புதுக்கோட்டை மாவட்டத்து மக்களுக்குப் புதியதன்று. கோட்டைப்பட்டினம், மீமிசல், அறந்தாங்கி முதலிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் சென்றவர்களுக்கு வீட்டிலிருந்து வரும் கடிதத்தில் சில வேளை ஒரு நிழற்படமும் இருக்கும். தான் ஊரில் இல்லாதபோது பிறந்த குழந்தையின் முகத்தைத் தந்தை முதன்முதலில் கண்டது அந்தப் படத்தில்தான். அப்படத்தை எடுத்தவர் யார், உறையிலிட்டவர் யார், பிரித்துப் பார்ப்பவர் யார் என்பன வீட்டார் அறிந்தவையே. ஒரு படம், ஒரு முகவரி, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இன்று அதே படம் கைப்பேசியில் எடுக்கப்பட்டு, நொடிப்பொழுதில் கடலைக் கடந்து விடுகிறது. அன்பு மாறவில்லை, வழி மாறிவிட்டது. அவ்வழியில் எத்தனை பேர் நிற்கின்றனர், அவர்களுள் எத்தனை பேர் அப்படத்தைப் படியெடுத்து வைத்துக் கொள்கின்றனர் என்பதை அனுப்பியவரே அறியார். அந்த வழியை அறிந்து கொள்வதும், தீங்கு நேரின் பழி யாரைச் சேரும் என்பதைத் தெளிவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகமும் அலரும்

தமிழ் பயிலும் நமக்கு இச்சிக்கல் முற்றிலும் அயலானதன்று. வாழ்வை அகம், புறம் எனப் பகுத்துக் கண்டது நம் மரபு. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது இன்னார் என ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் வரையறுக்கிறது. சங்க அகப்பாடல்களின் தலைவியருடைய நெஞ்சத்தை நாம் அறிவோம். அவர்தம் பெயரை அறியோம். உள்ளத்தைக் காட்டலாம், ஆளைக் காட்டலாகாது என்பதே அவ்விதியின் பொருள் எனலாம்.

அகத்துள் இருக்க வேண்டியது வெளியே கசிவதற்கும் நம் முன்னோர் பெயரிட்டனர். சிலர் தமக்குள் முணுமுணுக்கும் அரும்பு நிலை அம்பல். ஊரெல்லாம் அறியுமாறு மலர்ந்த நிலை அலர். வள்ளுவரும் காமத்துப்பாலில் ‘அலரறிவுறுத்தல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விரு சொற்களும் இன்றைய சமூக வலைத்தளத்திற்குப் பெரிதும் பொருந்துவன. நண்பர் மட்டும் காணும்படி இடப்பட்ட படம் அம்பல் நிலையில் உள்ளது. அனைவரும் காணும்படி இடப்பட்டது அலர் நிலையில் உள்ளது. அம்பல் அலராவதற்கு ஒருவருடைய ஒரு விரல் போதும். அக இலக்கியத்தில் அலர் சில வேளை திருமணத்தை விரைவுபடுத்தும். வலைத்தள அலருக்கு அந்த நற்பயனும் இல்லை.

பிறர் இல்லத்துள் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்பது திருக்குர்ஆனின் 24ஆவது அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கமாகும். பிறர் மறைவைத் துருவி ஆராய்வதை 49ஆவது அத்தியாயம் விலக்குகிறது. ஒருவருடைய கைப்பேசியில் உள்ள படங்களும் அவருடைய இல்லத்தின் உள்ளறை போன்றனவே. 

நாட்டின் சட்டமும் இக்கருத்துக்கே வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ராஜகோபால் வழக்கில், 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், தன் குடும்பம், மணவாழ்வு முதலியவற்றின் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு எனக் கூறியது. 2017 ஆகஸ்டு 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமித்துத் தீர்ப்பளித்தது.

மூன்று நிகழ்ச்சிகள்

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் 21 வயதுடைய பட்டதாரிப் பெண் ஒருவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். அவருடைய முகம் வேறோர் உடலோடு ஒட்டப்பட்டு முகநூலில் வெளியிடப்பட்டிருந்தது. குடும்பத்தார் காவல்துறையிடம் முறையிட்ட பின்னரும் நடவடிக்கை தாமதமாயிற்று. அத்தாமதத்திற்காக மாவட்டக் காவல்துறைத் தலைவரே பின்னர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. தாம் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்பதைப் பிறர் நம்பவில்லையே என்ற துயரம் அவரை வாட்டியதாக அன்றைய செய்திகள் கூறின. பொய்ப்படம் ஒரு காயம். நம்பப்படாமை அதனினும் ஆழமான காயம்.

அடுத்த ஆண்டு, அதாவது 2017 ஜூனில், முகநூல் நிறுவனம் முகப்புப் படத்தைப் பிறர் பதிவிறக்க இயலாமல் தடுக்கும் காப்பு ஒன்றை முதலில் இந்தியாவில்தான் அறிமுகப்படுத்தியது. இந்தியப் பெண்களுள் பலர் அச்சத்தால் தம் முகத்தையே இணையத்தில் காட்டாதிருந்தனர் என்பதே அதற்கு அந்நிறுவனம் கூறிய காரணம். 2020 மே மாதத்தில், நண்பரல்லாதார் படங்களையும் பதிவுகளையும் காண இயலாதபடி கணக்கு முழுவதையும் பூட்டிவைக்கும் வசதியும் இந்தியாவில் வந்தது.

ஆயினும் தீங்கு ஓயவில்லை. 2021 ஜூலையில், இணையத்தில் கிடைத்த இசுலாமியப் பெண்களின் படங்களைத் திரட்டி, அவர்களை ‘ஏலம்’ விடுவது போல் இழிவுபடுத்திய செயலி ஒன்று வெளிப்பட்டது. 2022 புத்தாண்டு நாளில் அதுபோன்ற மற்றொன்று தோன்றியது. படம் திருடப்பட்டவர்களுள் இதழாளர், சமூக ஊழியர், விமானி ஆகியோர் இருந்தனர். வழக்குகள் பதிவாயின, 2022 ஜனவரியில் பலர் கைதாயினர். கைதானவர்களுள் கல்லூரி மாணவரும் இருந்தனர் என்பது கல்விக்கூடங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்பெண்கள் வெளியிட்டிருந்தவை தத்தம் பணியையும் வாழ்வையும் காட்டும் இயல்பான படங்களே. அவற்றில் ஒரு குற்றமும் இல்லை. ஆகவே, ‘ஒழுங்கான படம் போட்டால் ஒன்றும் நேராது’ என்னும் நம் பொது நம்பிக்கை பொய்த்துவிட்டது. குற்றம் படத்தில் இல்லை. அதை எடுத்தாண்ட கையில் இருக்கிறது.

படம் வெளியேறும் வழிகள்

முதலாவது, நிறுவனம் தானே வைத்திருக்கும் அமைப்பு. கணக்குத் தொடங்கும்போது ‘யார் காணலாம்’ என்பதை நாம் தேர்ந்தெடுக்காவிடில் நிறுவனமே தேர்ந்தெடுத்து விடுகிறது. 2009 டிசம்பரில் முகநூல் தன் அமைப்புகளை மாற்றியபோது, பலர் மறைவாக எண்ணியிருந்த விவரங்கள் பொதுவில் வந்தன. அது குறித்து அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2011இல் நடவடிக்கை மேற்கொண்டது.

இரண்டாவது, நண்பரின் வழி. நாம் படம் இடாவிட்டாலும், திருமண வீட்டில் நம்மோடு நின்றவர் இட்டு, அதில் நம் பெயரையும் இணைத்து விடலாம். இது ‘டேக்’ எனப்படும். நம் கதவு பூட்டியிருக்க, அண்டை வீட்டுச் சன்னல் திறந்திருப்பதைப் போன்றது இது.

மூன்றாவது, படத்தின் பின்புலம். சீருடை, கல்லூரி அடையாள அட்டை, தேர்வு நுழைவுச்சீட்டு, வாகன எண், வீட்டு வாசல் ஆகியவை முகத்தை விட மிகுதியாகப் பேசும். எடுத்த இடத்தின் குறிப்பும் சில படங்களுள் மறைந்திருக்கும். தந்தை அயல்நாட்டில் இருக்கிறார், வீட்டில் பெண்களே உள்ளனர் என்பதை ஒரு வரவேற்புப் படமோ வழியனுப்புப் படமோ அறிவித்து விடும்.

நான்காவது, திரைப்பிடிப்பு. எத்தகைய அமைப்பும் பார்ப்பவர் மற்றொரு கைப்பேசியால் படமெடுப்பதைத் தடுக்க இயலாது. ஐந்தாவது, செயற்கை நுண்ணறிவு. 2023 நவம்பரில் திரைப்பட நடிகை ரஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் காணொளியில் பொருத்திய போலி, நாடெங்கும் பேசப்பட்டது. முன்பு கைத்தேர்ச்சி வேண்டியிருந்த இவ்வேலைக்கு இன்று ஒரு முகமும் ஒரு செயலியும் போதும்.

பூட்டும் அதன் வரம்பும்

ஆதலின் மாணவச் செல்வங்கள் கீழ்க்காணும் அமைப்புகளை இன்றே சரிபார்த்தல் நன்று.

1. முகநூலில் ‘கணக்கைப் பூட்டுதல்’ வசதியை இயக்குக. பழைய பதிவுகள் அனைத்தையும் ஒருசேர ‘நண்பர் மட்டும்’ என மாற்றும் வசதியும் அதில் உண்டு. பூட்டாத கணக்கில் முகப்புப் படம் எவர்க்கும் தெரியும் என்பதை மறவற்க.

2. இன்ஸ்டாகிராமில் கணக்கைத் ‘தனிப்பட்டது’ என ஆக்குக. அறியாதாரின் பின்தொடர் வேண்டுகோளை ஏற்பதற்குமுன் அவர் யாரென உறுதி செய்க.

3. வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தை ‘என் தொடர்பினர்’ மட்டும் காணுமாறு அமைக்க. நம்மைக் குழுவில் சேர்ப்பவர் யாரென வரையறுக்கும் அமைப்பு 2019 முதல் உள்ளது, அதையும் பயன்படுத்துக.

4. பெயர் இணைப்பு நம் ஒப்புதலுக்குப் பின்னரே தோன்றுமாறு செய்க.

5. கைப்பேசிப் படக்கருவியில் இடக்குறிப்பை நிறுத்துக. கடவுச்சொல்லோடு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பையும் சேர்க்க.

6. திருமணப் படம் எடுப்போரிடம், ஒப்புதலின்றித் தம் விளம்பரத்திற்காக இணையத்தில் இடலாகாது என முன்னரே பேசி எழுதி வாங்குக.

இப்பூட்டுகள் தேவையே; எனினும் பூட்டை விடச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பெரிது. 500 ‘நண்பர்’ உள்ள கணக்கில் ‘நண்பர் மட்டும்’ என்பது ஒரு தெருவை விடப் பெரிய கூட்டமாகும். ஆண்டுக்கொருமுறை அப்பட்டியலைக் களையெடுத்தல் வேண்டும்.

தீங்கு நேரின்

முதலில், அஞ்சி அழித்துவிடலாகாது. படம் இடம்பெற்ற பக்கத்தின் முகவரி, நாள், நேரம் ஆகியவற்றோடு திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக் கொள்க. மிரட்டுவோருக்குப் பணமோ மேலும் படமோ தரலாகாது. ஒருமுறை தந்தால் மறுமுறையும் கேட்பர். நம்பத்தகுந்த ஒருவரிடம் அன்றே கூறுக.

அதன்பின் அந்தத் தளத்திலேயே புகார் செய்க. 2021இல் வகுக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், உருமாற்றிய ஆபாசப் படம் குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் 24 மணி நேரத்திற்குள் அதை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு நிறுவனங்களைப் பணித்தன. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்னும் ஏற்பாடு, படத்தை எங்கும் அனுப்பாமலேயே அதன் எண்ணியல் கைரேகையை மட்டும் உருவாக்கி, இணைந்துள்ள நிறுவனங்களின் தளங்களில் அப்படம் பரவுவதைத் தடுக்க உதவுகிறது. அது 18 வயது நிறைந்தோர்க்குரியது. அவ்வயதிற்கு உட்பட்டோர்க்கு ‘டேக் இட் டவுன்’ என்னும் ஏற்பாடு உண்டு.

மத்திய அரசின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் கூறாமலும் பதியலாம். இணையக் குற்ற உதவி எண் 1930. பெண்கள் உதவி எண் 181. குழந்தைகள் உதவி எண் 1098. மனம் தளர்வோர்க்கு ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணில் செவிசாய்க்க ஆளுண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டங்களின்படி, குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம்.

சட்டத்தின் ஒரு நுட்பத்தை மாணவர் அனைவரும் அறிதல் வேண்டும். அந்தரங்க நிலையில் ஒரு பெண் படமெடுக்க இசைந்திருந்தாலும், அதைப் பரப்ப இசையவில்லையாயின் பரப்பியவர் குற்றவாளியே என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. எடுக்க இசைவது வேறு. பரப்ப இசைவது வேறு.

மிதிவண்டி கற்பித்த பாடம்

இத்தகைய செய்திகளைக் கேட்ட பெற்றோர் சிலர், ‘பெண் பிள்ளைக்குக் கைப்பேசியே வேண்டாம்’ என முடிவு செய்கின்றனர். அவர்தம் அச்சம் அன்பினால் விளைந்தது. அதை எள்ளுதல் தகாது. ஆனால் நம் மாவட்டத்தின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது.

1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் மிதிவண்டி பயில்வதையும் ஓர் அங்கமாக்கினார். மிதிவண்டி ஏறிய பெண்களை இழித்துப் பேசியோர் அன்று உண்டு. பெண்கள் இறங்கவில்லை. ஒரு பொது நிகழ்ச்சியில் 70 ஆயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டிக் காட்டியதை இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். இசுலாமியப் பெண்களும் அவ்வியக்கத்தில் முன்னின்றனர். சாலையில் இடர் உண்டு என்பதற்காக எவரும் மிதிவண்டியைப் பறிக்கவில்லை. நிறுத்தும் முறையையும் திருப்பும் முறையையும் கற்பித்தனர்.

கைப்பேசியும் அத்தகையதே. கல்வி உதவித்தொகை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகிய அனைத்தும் அதன் வழியே வருகின்றன. அதைப் பறித்தால் பெண் இழப்பது கல்வியை. அன்றியும், தீங்கு நேர்ந்தால் கைப்பேசி போய்விடும் என்று அஞ்சும் பெண் வீட்டில் வாய் திறக்க மாட்டாள். அவளுடைய மௌனமே மிரட்டுவோனின் முதலாகும்.

முடிவுரை

ஆகவே, கடமை மூவருக்கும் உண்டு. மாணவியர் தம் பூட்டுகளை அறிந்து இயக்க வேண்டும். மாணவர், தமக்கு வந்த படம் தம்மோடு நிற்குமாறு காக்க வேண்டும். பிறர் அனுப்பியதை மேலும் ஒருவருக்கு அனுப்புபவரும் அலர் தூற்றியவரே ஆவர். பெற்றோரும் ஜமாஅத் பெரியோரும், ஒரு பெண் கலங்கி வந்து நிற்கும்போது ‘நீ ஏன் படம் போட்டாய்?’ என்னும் வினாவை விடுத்து, ‘அதை எடுத்துப் பரப்பியவன் யார்?’ என்னும் வினாவை முதலில் எழுப்ப வேண்டும்.

தலைவியின் பெயரைக் காத்தது நம் இலக்கிய மரபு. அவள்தம் முகத்தைக் காப்பது நம் தலைமுறையின் கடன். அக்கடனை அவளைப் பூட்டி வைத்து அன்று, பூட்டும் சாவியும் அவள் கையில் தந்தும், அவள் சொல்லை நம்பியும் நிறைவேற்றுவோமாக.