முகபாவமும் குழந்தையின் உணவு விருப்பும்

மாணவர்களே, ஆறு மாதம் பூர்த்தியான குழந்தைக்கு முதன்முதலாக முருங்கையிலை மசியல் ஊட்டுவதை உங்கள் வீட்டில் கண்டிருப்பீர்கள். குழந்தை முகத்தைச் சுளித்து, மசியலை நாக்கால் வெளியே தள்ளும். "பிள்ளைக்குக் கீரை பிடிக்கேல்லை" என்பார் அம்மம்மா. மறுநாள் முதல் கீரை நிறுத்தப்படும். இம்முடிவு சரியானதா?

1. பிறவியிலேயே அமைந்த முகபாவங்கள்

1970களில் ஸ்டெய்னர் என்னும் ஆய்வாளர், முதற்பால் அருந்துமுன் பிறந்த குழந்தைகளின் நாவில் சுவைத் துளிகளை இட்டு அவதானித்தார்.

• இனிப்பு: முகம் தளரும், உதட்டை நக்கும், சப்பும்.
• புளிப்பு: உதடுகள் குவியும், மூக்குச் சுருங்கும்.
• கசப்பு: வாய் பிளக்கும், உதட்டோரங்கள் கீழிறங்கும், நாக்கு வெளியே நீளும்.

தாய்ப்பால் இனிப்பானது. இயற்கையிலுள்ள நச்சுப் பொருட்கள் பல கசப்பானவை. எனவே இவை குழந்தையைப் பாதுகாக்கும் இயல்புகள் எனலாம்.

2. முகச்சுளிப்பு மறுப்பாகுமா?

எப்போதும் ஆகாது. சார்ள்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலில், தமது குழந்தை முதன்முதலாகக் குளிர்ந்த நீரையும் பின்னர் பழுத்த செரிப்பழத்தையும் சுவைத்தபோது அருவருப்பு முகம் காட்டியதாகக் குறிப்பிட்டுள்ளார். நீரும் பழமும் கசப்பானவையல்ல, புதியவை. புதுமையும் முகத்தைச் சுளிக்கச் செய்யும்.

2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் குழந்தைகளுக்கு 8 நாட்கள் போஞ்சி மசியல் ஊட்டப்பட்டது. அவர்கள் உண்ட அளவு கூடியது. போஞ்சியின் பின் பழமசியலும் பெற்றவர்களில் முகச்சுளிப்பும் குறைந்தது.

3. செய்ய வேண்டியவை

• ஆறு மாதத்தின் பின் தாய்ப்பாலிலுள்ள இரும்புச்சத்து மட்டும் போதாது. எனவே கீரையை நிறுத்தாது, சிறிதளவாகப் பல நாட்கள் கொடுத்தல்.
• கீரையின் பின் பப்பாசிப்பழ மசியல் கொடுத்தல். இதிலுள்ள விற்றமின் சீ இரும்பு அகத்துறிஞ்சலுக்கும் உதவும்.
• ஊட்டுபவர் தாம் முகம் சுளிக்காதிருத்தல். குழந்தை அவரது முகத்தைப் பார்த்தும் பழகும்.
• குழந்தை தலையைத் திருப்பினால், வாயை இறுக மூடினால், கரண்டியைத் தட்டிவிட்டால் உடன் நிறுத்துதல். வற்புறுத்தலாகாது.

நினைவிற் கொள்க: முகச்சுளிப்பு "இது புதிது" என்று கூறலாம், தலையைத் திருப்புதல் "இப்போது போதும்" என்று கூறும்.

மாதிரி வினா: கீரையை முதன்முதலாகச் சுவைத்துத் துப்பிய குழந்தைக்கு அதனை மீண்டும் கொடுக்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் தருக.